குழாய்க்கு முன்னே காகிதம்: மும்பைக் குடிபெயர்வும் அடிப்படை வசதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், ஜெரிமெரி, செம்பூர் என்று மும்பையில் தமிழர் கூடி வாழும் பகுதிகளில், கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்தல் பற்றிக் கட்டுரை எழுத வேண்டிய மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான கேள்விகளோடு வருகிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முதல் முறையாக வரும் உறவினர்களும் அதையேதான் வேறு சொற்களில் கேட்கிறார்கள். "ஏலே, இவ்வளவு பெரிய பம்பாயில ஒரு குடம் தண்ணிக்கா இந்தப் பாடு?" என்று என் அத்தை கேட்டது அதில் மிகச் சுருக்கமானது. குடிசைப் பகுதி மக்களின் குடிநீர், ரேஷன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வளரும் நாடு ஒன்றில் குடிபெயர்வு நகரத்தின் அடிப்படை வசதிகளை எப்படிப் பாதிக்கிறது?

மனிதர் ஓர் இரவில் ரயிலேறி வந்துவிடலாம். அணை, கழிவுநீர்க் குழாய், தண்டவாளம் ஆகியவை அப்படி வருவதில்லை. அவற்றைத் திட்டமிட்டு, நிலம் எடுத்து, பணம் ஒதுக்கிக் கட்டி முடிக்கப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் ஏற்கெனவே இருக்கும் குழாயும் ரயிலும் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்குகின்றன. பாடநூல்கள் சொல்லும் இந்த விளக்கம் சரியானதுதான்.

ஆனால் அது பாதி விளக்கம். இந்தப் பற்றாக்குறை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வந்தவர் எந்த ஆண்டு வந்தார், எந்த நிலத்தில் குடியிருக்கிறார், அதைக் காட்டக் கையில் என்ன காகிதம் வைத்திருக்கிறார் என்பவற்றைப் பார்த்துத்தான் மும்பையில் குழாய் நீள்கிறது அல்லது நின்றுவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு இடங்களில் நின்று பார்க்கின்றன.

மும்பையின் நெரிசலுக்குக் காரணம் இன்னமும் வெளியூரார் வந்து குவிவதுதானா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. பெருமும்பையின் மக்கள்தொகை 1951இல் சுமார் 30 லட்சம். 1981இல் 82 லட்சத்துக்கு மேல். அந்த முப்பது ஆண்டுகள்தாம் உண்மையான வெள்ளம். பஞ்சாலைகளும் துறைமுகமும் ரசாயனத் தொழிற்சாலைகளும் ஆளை இழுத்தன. 1972ஆம் ஆண்டை ஒட்டி மகாராஷ்டிரத்தை வாட்டிய வறட்சி உள்மாவட்டங்களிலிருந்து ஆளைத் தள்ளியது. ஆனால் 2001க்கும் 2011க்கும் இடையில் நகரம் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 1 கோடியே 24 லட்சத்துக்குத்தான் வளர்ந்தது. பத்தாண்டில் நூற்றுக்கு நான்கு என்ற அளவுதான். கொலாபா முதல் மாஹிம், சயான் வரையுள்ள பழைய தீவு நகரத்தில் மக்கள்தொகை 33 லட்சத்திலிருந்து 31 லட்சமாகக் குறைந்தே போனது.

வளர்ந்தது எது? அன்றைய தாணே மாவட்டம், அதாவது கல்யாண், டோம்பிவிலி, வசாய், விரார், மீரா சாலை, நவி மும்பை எல்லாம் அடங்கிய பகுதி, அதே பத்தாண்டில் 81 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சமாகப் பெருகியது. அங்கே குடியேறியவர்களில் ஊரிலிருந்து நேராக வந்தவர்களும் உண்டு. மும்பையில் பிறந்து, வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறியவர்களும் உண்டு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நகர மக்கள் பெருகுவதில் பெரும்பங்கு நகரத்திலேயே நிகழும் பிறப்பினாலும், கிராமமாக இருந்த இடங்கள் நகரமாக வகைப்படுத்தப்படுவதாலும் வருகிறது. ஆகவே, குழாயில் தண்ணீர் வராததற்கு நேற்று வந்து இறங்கியவரைக் கைகாட்டுவது கணக்குக்கு ஒத்துவரவில்லை. 1966இல் சிவசேனை தொடங்கப்பட்ட காலத்தில் இந்தக் கை நம்மை நோக்கி நீண்டது, பின்னாளில் உத்தரப் பிரதேசத்தாரையும் பீகாரிகளையும் நோக்கித் திரும்பியது. இன்று நம்மவர்களில் சிலரே அந்தக் கையை நீட்டுவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தமிழர்கள் வந்தபோது இங்கே என்ன வசதி இருந்தது?

தாராவி முதலில் மீனவர்களான கோலிகளின் குடியிருப்பு. 1909ஆம் ஆண்டின் கெசட்டியர் (அரசு தொகுத்த ஊர் விவர நூல்) அதை மும்பையின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. கடலேறி வரும் ஓடையும் சதுப்பும் சூழ்ந்த அந்த ஓரத்துக்குத்தான் நாற்றமும் கழிவும் உள்ள தொழில்கள் ஒதுக்கப்பட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே தோல் பதனிட்டார்கள். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் அருகே கும்பர்வாடாவை அமைத்தார்கள். சதுப்பைத் தேங்காய் மட்டையும் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கியவர்கள் குடியேறியவர்களே. பின்னாளில் அந்த நிலம் விலையுயர்ந்த நிலமானதற்கு, மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவில் அது அமைந்திருப்பதோடு இந்த உழைப்பும் காரணம்.

வந்தவர்களுக்கு வீடு கட்டித் தர அரசு முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. 1896இல் பிளேக் பரவிய பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்படுத்தப்பட்டது. 1920களில் வர்லி, நைகாவ் போன்ற இடங்களில் தொழிலாளர்களுக்காக பிடிடி சால்கள் (பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய ஒற்றை அறைக் குடியிருப்புகள்) எழுந்தன. ஒவ்வொரு முறையும் இடிக்கப்பட்டதைவிடக் கட்டப்பட்டது குறைவு, வந்தவர் தொகையோ அதிகம். 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையச் செய்ததால், வாடகைக்கு விடுவதற்கென்று கட்டுவது தனியாருக்கு லாபமில்லாத தொழிலாயிற்று. மிச்சமிருந்த வழி குடிசைதான்.

மும்பையில் தண்ணீர் போதவில்லை என்பது உண்மையா?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவை.

1860இல் விஹார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியது முதல், நகரம் தாகமெடுக்கும்போதெல்லாம் வடக்கே இன்னும் தொலைவுக்குப் போய் அணை கட்டி வந்திருக்கிறது. துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தர்ணா, பாத்சா ஆகியவற்றுக்குப் பிறகு 2014இல் மத்திய வைத்தர்ணாவும் சேர, இப்போது ஏழு நீர்நிலைகள். தான்சா முதலிய தொலைதூர அணைகளிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் கடந்து தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் வழங்கப்படுகிறது.

இனி வகுத்துப் பார்ப்போம். மக்கள்தொகையை 1 கோடியே 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 296 லிட்டர் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கசிவிலும் கணக்கில் வராத வழிகளிலும் போய்விடுகிறது என்று கொண்டாலும் ஏறத்தாழ 200 லிட்டர் மிஞ்சும். ஹோட்டலுக்கும் தொழிற்சாலைக்கும் இதிலிருந்தே போகிறது என்றாலும், பெருநகரவாசி ஒருவருக்கு வேண்டியதாகக் கொள்ளப்படும் 135 லிட்டரை எட்ட முடியாத நகரம் இதுவல்ல. ஆனால் மாநகராட்சி நெடுங்காலமாகப் பின்பற்றி வந்த அளவுகோலே இரண்டாகப் பிரிந்திருக்கிறது: அடுக்குமாடியில் இருப்பவருக்கு ஆளுக்கு 135 லிட்டர், குடிசையில் இருப்பவருக்கு 45 லிட்டர். குடிசைவாசி அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்குப் போய், அங்கே பாத்திரம் துலக்கச் செலவிடும் தண்ணீர், தன் வீட்டில் அவருக்கு ஒதுக்கப்பட்டதைவிட அதிகமாக இருக்கலாம்.

அந்த 45 லிட்டரும் இருபத்து நான்கு மணி நேரமும் வருவதில்லை. சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் குழு இணைப்பில், விடியற்காலையிலோ நள்ளிரவிலோ இரண்டு மூன்று மணி நேரம் வரும். குறுகிய குழாயில் பலர் மோட்டார் வைத்து உறிஞ்சுவதால் சந்தின் கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான். விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அப்போது சாக்கடையை ஒட்டிப் பதித்திருக்கும் பழைய குழாயின் விரிசல் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் உள்ளே புகுகிறது. மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையும் வயிற்றுப்போக்கும் சந்து சந்தாகப் பரவுவதற்கு இதுவே முக்கியக் காரணம். நீல நிற பிளாஸ்டிக் டிரம் இல்லாத வீட்டைக் குடிசைப் பகுதியில் காண்பது அரிது. பத்துக்குப் பத்து அடிக் கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) அந்த டிரம் ஓர் ஆள் படுக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இணைப்பே இல்லாதவர்கள் டேங்கரிலோ, இணைப்புள்ள வீட்டாரிடமோ விலைக்கு வாங்குகிறார்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால், மாநகராட்சிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள். வெளியூரார் இலவசத் தண்ணீர் குடித்துத் தீர்க்கிறார்கள் என்பவர்கள் ஒரு டிரம் என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

'கட்-ஆஃப் தேதி' என்கிறார்களே, அது என்ன?

எந்தத் தேதிக்கு முன்பிருந்து நீங்கள் அந்தக் குடிசையில் இருக்கிறீர்கள் என்பதற்கு அரசு வகுத்த எல்லை. 1976 ஜனவரியில் குடிசைகளைக் கணக்கெடுத்து, குடும்பத் தலைவருக்குப் புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கொடுத்தார்கள். 'போட்டோ பாஸ்' என்ற சொல் அன்று முதல் மும்பைத் தமிழில் ஒரு சொத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அதன் பின் 1980, 1985, 1990, 1995 என்று எல்லை நகர்ந்தது, பிறகு 2000 ஜனவரி 1 ஆயிற்று. 2011 ஜனவரி 1க்கு முன் வந்தவர்களுக்கு, பணம் செலுத்தினால் மறுவீடு, அதாவது குடிசைக்கு ஈடாக மாற்று வீடு, என்ற ஏற்பாடும் வந்தது. பெரும்பாலும் தேர்தலை ஒட்டியே தேதி நகர்ந்தது என்பதை இங்கே யாரும் ரகசியமாகப் பேசுவதில்லை.

மறுவீட்டுக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். இலவச வீடு ஒருமுறை கொடுக்கும் பெரிய சொத்து. ஆனால் அதே தேதியைத் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் பொருத்தியதுதான் விபரீதம். 1995க்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு நீரிணைப்பு தரக் கூடாது என்று அரசுச் சுற்றறிக்கை இருந்தது. ஒரே சந்தில், ஒரே குழாய்க்கு இருபுறமும், 1994இல் வந்தவருக்குத் தண்ணீர் உண்டு, 1996இல் வந்தவருக்கு இல்லை. பின்னவர் தாகத்தோடு ஊருக்குத் திரும்பிவிட்டாரா? இல்லை, குழாயைத் துளைத்தார், அல்லது துளைத்துக் கொடுப்பவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்தார். கசிவும் கலப்படமும் கணக்கில் வராத தண்ணீரும் இப்படித்தான் கூடின. அடிப்படை வசதியை மறுத்ததே அடிப்படை வசதியைச் சிதைத்தது.

2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குடிசை சட்டவிரோதமானதாக இருந்தாலும் அதில் வாழ்பவருக்குத் தண்ணீர் பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கட்டணத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் மறுக்க முடியாது என்பது அதன் சாரம். 2022இல் மாநகராட்சி அனைவருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை அறிவித்தது. அதன் பிறகு பல இடங்களில் குழாய் வந்திருப்பது உண்மை. ஆயினும் ரயில்வே நிலம், விமான நிலைய நிலம், வன நிலம் என்று உடைமை மாறும் இடமெல்லாம் ஒரு தடையின்மைச் சான்று குறுக்கே நிற்பதை நான் நிரப்பிய விண்ணப்பங்களில் பார்த்து வருகிறேன்.

1981இல் தமிழர்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள் என்பது உண்மையா?

உண்மை. அந்த ஆண்டு ஜூலை மாதம், அன்றைய முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே, நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே திருப்பி அனுப்பும்படி அறிவித்தார். மழை கொட்டும் மாதம் அது. இதை எதிர்த்துத் தொடரப்பட்டு, ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கின் தீர்ப்பைத் தமிழர்கள் அவசியம் படிக்க வேண்டும். மனுதாரர்களில் ஒருவர் சேலம் பக்கத்து நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியால் 1961இல் மும்பைக்கு வந்தவர். குடும்பத்தோடு பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்ட பிறகு, மனைவியையும் மகள்களையும் ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி மீண்டும் மும்பை நடைபாதைக்கே வந்தார். பேருந்துக் கட்டணம் செலவழித்து அரசு சாதித்தது ஒரு குடும்பத்தைப் பிரித்ததுதான்.

அதே வழக்கில் வரும் இன்னொரு இடம் வில்லே பார்லே அருகே இருந்த காமராஜ் நகர். மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரமாகக் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் 1960ஐ ஒட்டி அமைத்துக்கொண்ட, ஐந்நூறுக்கு மேற்பட்ட குடிசைகள் கொண்ட குடியிருப்பு அது. நகரத்துக்குக் குழாய் பதித்தவர்கள், பதித்த இடத்தின் பக்கத்திலேயே ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள்.

1985 ஜூலையில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பிழைப்புக்கான உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்னது. அதே மூச்சில், நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. 1976 அட்டை வைத்திருந்தவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்ற உத்தரவும் அதில் இருந்தது. இங்கேயும் காகிதம் வைத்திருந்தவர் தப்பினார்.

மின்சாரம் மட்டும் குடிசைக்கு எளிதாகக் கிடைத்துவிடுகிறதே?

நல்ல கேள்வி, மாணவர்கள் இதைக் கேட்பது குறைவு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், உரிமையாளருக்கு மட்டுமன்றிக் குடியிருப்பவருக்கும் கேட்டால் இணைப்பு தர வேண்டும் என்கிறது. விற்கும் நிறுவனத்துக்கு மீட்டர் ஓடினால் வருமானம். இரண்டும் சேர்ந்ததால், தண்ணீர் வராத கோலிகளில் கூட மின்விசிறி சுற்றுகிறது. குடிசையில் வசதி செய்ய முடியாது, இடமில்லை, சந்து குறுகல் என்ற பதில்களை நான் ஏற்காததற்கு இந்த மீட்டரே காரணம்.

லோக்கல் ரயில் நெரிசலுக்கும் குடிபெயர்வுக்கும் என்ன தொடர்பு?

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது; 1925இல் மின்ரயில் வந்தது. நகரம் இந்தத் தண்டவாளங்களை ஒட்டியே வடக்கு நோக்கி நீண்டது. பெருந்தொற்றுக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பயணங்கள் நிகழ்ந்தன. உச்ச நேரத்தில் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர் வரை நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டும், ஓடும் பெட்டியிலிருந்து விழுந்தும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெட்டியில் நிற்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடிசை போட்டவர் ரயிலுக்குச் சுமையல்ல. நடைபாதைவாசிகள் அந்த இடத்தை விட்டு நகராததற்கு வேலை செய்யுமிடம் அருகில் இருப்பதே காரணம் என்பதை 1985 தீர்ப்பும் குறிப்பிட்டது. விராரிலிருந்தும் கல்யாணுக்கு அப்பாலிருந்தும் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் தொங்கிக்கொண்டு வருபவர், நகரத்துக்குள் வீடு கிடைக்காதவர். வேலையை நகரின் தென்முனையில் வைத்துவிட்டு வீட்டை வடமுனைக்குத் தள்ளிய ஏற்பாட்டின் விலையைத்தான் ரயில் சுமக்கிறது.

முன்யோசனையோடு செய்த காரியம் ஒன்றும் உண்டு: 1970இல் சிட்கோ என்ற மகாராஷ்டிர அரசின் நகரமைப்பு நிறுவனத்தை அமைத்து, கழிமுகத்துக்கு அக்கரையில் நவி மும்பையைத் திட்டமிட்டார்கள். ஆனால் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு ரயில் ஓடியது 1992இல்தான். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் மனை இருந்தது, சாலை இருந்தது, போவதற்குத் தயங்கிய மக்கள் இக்கரையிலேயே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் போன பிறகே ஊர் நிறைந்தது.

மழை வெள்ளத்துக்குக் குடிசைகள்தாமே காரணம்?

ஒரு பங்கு காரணம். நாலாக்களின் (திறந்த வடிகால் ஓடைகளின்) கரையில் குடிசைகள் நெருங்கியதும், குப்பை அள்ள வண்டி வராத சந்துகளின் குப்பை நாலாவில் விழுவதும் மறுக்க முடியாதவை. ஆனால் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, நகரத்தின் மழைநீர் வடிகால் அமைப்பு, கடல் தாழ்ந்திருக்கையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்டதாகவே இருந்தது. அதை இரட்டிப்பாக்கும் பிரிம்ஸ்டோவாட் திட்ட அறிக்கை 1993இலேயே வந்திருந்தும், வெள்ளம் வந்த பிறகுதான் வேலை வேகமெடுத்தது. மிட்டி ஆற்றை நெருக்கியவை குடிசைகள் மட்டும் அல்ல. விமான ஓடுபாதையும் பாந்த்ரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களும் அதே ஆற்றின் படுகையிலும் சதுப்பிலும்தான் இருக்கின்றன. இரண்டும் ஆக்கிரமிப்புத்தான் என்றாலும், இடிக்கும் வண்டி எதன் வாசலுக்கு வரும் என்பது மும்பையில் எல்லோருக்கும் தெரியும்.

கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை. பல குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பறை பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்படாமல், மலத்தொட்டியோடு நிற்கிறது. ஒவ்வொரு இருக்கைக்கும் காலையில் நீளும் வரிசையில் பெண்கள் படும் அவதியை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

குடிசைக்குப் பதில் அடுக்குமாடி வீடு கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

1995இல் தொடங்கப்பட்ட குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் திட்டத்தில், கட்டுநர் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு கட்டித் தந்து, அதற்கு ஈடாகக் கூடுதல் பரப்பைக் கட்டிச் சந்தையில் விற்கலாம். வீட்டின் அளவு 225 சதுர அடியில் தொடங்கி 269, பின் 300 ஆயிற்று. சொந்த இடத்திலேயே வீடு கிடைத்தவர்களில் பலர் நன்றாக இருக்கிறார்கள். கதவுக்குள் குழாயும் கழிப்பறையும் உள்ள வாழ்வை யாரும் இழிவாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதே நிலத்தில் பழைய மக்களோடு விற்பனை வீடுகளின் மக்களும் கார்களும் சேர்கிறார்கள். தெருவும் குழாயும் பழைய அகலத்திலேயே இருக்கின்றன.

தொலைவுக்குத் தள்ளப்பட்டவர்களின் கதை வேறு. தான்சா பெருங்குழாயின் இருபுறமும் இருந்த குடிசைகளை, குழாயின் பாதுகாப்புக்காக அகற்றி, அந்த மக்களில் பலரைச் செம்பூர் அருகே உள்ள மாஹுலுக்கு அனுப்பினார்கள். நகரத்தின் குடிநீர் ஓடும் இரும்புக் குழாயின் மேல் துணி காயவைத்து, அதிலிருந்து ஒரு சொட்டும் பெறாமல் வாழ்ந்தவர்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே போய்ச் சேர்ந்தார்கள். மூச்சுத் திணறலும் தோல் நோயும் சொல்லிப் போராடியவர்களின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கோவண்டி, மான்கூர்ட் பக்கத்து மறுகுடியமர்வுக் கட்டடங்கள் சிலவற்றில் ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சில மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிகிறது, காசநோய் விடாமல் சுற்றுகிறது.

தாராவிக்கு இப்போது நடக்கும் மறுமேம்பாடு பற்றியும் கேட்கிறார்கள். 2022இல் ஒப்பந்தம் அதானி குழுமத்துக்குப் போனது. தகுதியுள்ளவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி, மற்றவர்களுக்கு வேறிடம் என்கிறார்கள். யார் தகுதியுள்ளவர் என்பதைத் தீர்மானிப்பது மீண்டும் தேதியும் காகிதமும்தான் என்பதால், கடைசிக் கேள்வியைத் தவறாமல் படியுங்கள்.

கட்டட வேலைக்கு வந்து போகிறவர்கள் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்?

எங்கேயும் இல்லை. காலையில் தொழிலாளர் நாக்காவில் (கூலிக்கு ஆள் எடுக்கும் தெருச் சந்திப்பில்) நின்று கூலிக்குப் போகிறவர், மெட்ரோ தூண் எழுப்பும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தூங்குகிறவர், விதைப்புக்கு ஊருக்குப் போய் அறுப்பு முடிந்து திரும்புகிறவர் ஆகியோரை நகரத்தின் மக்கள்தொகையாகக் கொண்டு யாரும் குழாய் பதிப்பதில்லை. 1979இல் மாநிலங்களுக்கிடையே குடிபெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996இல் கட்டடத் தொழிலாளர் நல வரிக்கும் சட்டம் வந்தது. எனினும் 2020இல் ஊரடங்கு வந்தபோதுதான் இவர்கள் எவ்வளவு பேர் என்பதை நாடு கண்ணால் பார்த்தது. மே 1 முதல் சிறப்பு ரயில்கள் விடப்படும் வரை, ஊர் போய்ச் சேர நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அவர்கள் போனதும் கட்டுமானங்கள் நின்றன.

தண்ணீர் தரும் கிராமங்களின் நிலை என்ன?

மும்பைக்குத் தண்ணீர் தரும் பெரிய அணைகளில் பல தாணே மாவட்டத்து ஷஹாபூர் வட்டாரத்தில் இருக்கின்றன. கோடையில் அதே வட்டாரத்துப் பழங்குடிக் கிராமங்களுக்குத் தண்ணீர் டேங்கரில் போகிறது. அணையைப் பார்த்துக்கொண்டே குடம் சுமப்பவர்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள்? தங்கள் தண்ணீர் போன வழியில்தான்.

குடிபெயர்வைத் தடுத்துவிட்டால்?

நாட்டின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. சட்டப்படி தடுக்க முடியாது. பசிக்காக ஓடி வருவதைக் குறைக்கலாம். 1972 வறட்சியில் மகாராஷ்டிரம் தொடங்கிய வேலை உறுதித் திட்டமும், அதை ஒட்டி 2005இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டமும் அதற்கானவை. படிப்புக்கும் நல்ல கூலிக்கும் வருகிறவரை அவை நிறுத்தா, நிறுத்தவும் வேண்டியதில்லை.

மாநகராட்சியிடம் பணம் இல்லையா?

2025–26 நிதிநிலை அறிக்கை 74,427 கோடி ரூபாய். பல சிறு மாநிலங்களுக்கு இவ்வளவு கிடையாது. இங்கே சிக்கல் பணத்தில் இல்லை, பொறுப்பு சிதறிக் கிடப்பதில் இருக்கிறது. ஒரே சந்தில் நிலம் ஒருவருடையது, சாக்கடை இன்னொருவருடையது, மறுவீடு மூன்றாமவருடையது. 2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் ஆண்டுகள் கடந்தபோது, குழாய் உடைந்தால் போய்க் கேட்க ஒரு கார்ப்பரேட்டர் கூட இல்லாமல் போனார்.

புதிதாக மும்பைக்கு வருகிறவர் எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

வந்த முதல் மாதத்திலிருந்தே மின்கட்டண ரசீதுகளை வரிசையாக வையுங்கள். வாடகைக்கு இருந்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் மறுத்தால், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் இந்த முகவரி ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்த ஆண்டின் பக்கத்தைப் படியெடுத்து வையுங்கள். தகுதி பார்க்க வரும்போது முதலில் கேட்கப்படும் சான்றுகளில் அதுவும் ஒன்று. ரேஷன் கார்டு ஊரில் இருந்தால் பரவாயில்லை, ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் இங்கேயே தானியம் வாங்கலாம். ஆனால் ஊர் அட்டை இங்கே குடியிருந்ததற்குச் சான்றாகாது.

எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். நம் பெயர்களில் தந்தை பெயர் முன்னெழுத்தாக ஒன்றில் வரும், குடும்பப் பெயர் போல இன்னொன்றில் வரும்; அந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. மூலப் பிரதியை லாமினேட் செய்யாதீர்கள்; பின்பக்க முத்திரையைத் தடவிப் பார்க்க முடியவில்லை என்று சொல்லும் அலுவலர்கள் இருக்கிறார்கள். என் தாயாரின் தகரப் பெட்டியிலிருந்த 1976ஆம் ஆண்டுப் போட்டோ பாஸில் தந்தையின் முகம் பூஞ்சை பிடித்துப் பாதி அழிந்துவிட்டது, முத்திரையும் எண்ணும் மட்டும் தெளிவாக இருந்தன. மறுகுடியமர்வுப் பட்டியலில் எங்கள் குடும்பம் ஏறியது அந்த எண்ணைக் கொண்டுதான்.